ரேகை இருக்கிற பிள்ளை

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விரல் மெஷின் வந்த அன்றுதான் முப்பத்தொரு பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ரேகை இல்லை என்பது தெரிய வந்தது. வாத்தியாருக்கு அது ஆச்சரியம். சமையலக்காவுக்கு இல்லை. அவள் கல்யாணம் ஆகும்வரை சூளையில் வளர்ந்தவள். கண்ணாடி டம்ளரைப் பிடித்தால் தன் விரல் அதில் தடம் பதிக்காது என்று எட்டு வயதிலேயே பார்த்து வைத்திருந்தாள்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் ஒரு மணி நேர நடை. வழி முழுக்கச் செங்கல் சூளைகள். மண் வெட்டிய பள்ளம், பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், அதைத் தாண்டினால் காய்கிற கல் வரிசை, அப்புறம் புகை. திரும்பவும் பள்ளம். புகைக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூரத்து நகரத்திலிருந்து ஓர் அமைப்பு வந்து அதை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டோம் என்பது அவர்கள் சொன்ன சொல். தகரம் போய் காங்கிரீட் கூரை வந்தது. தரைக்கு டைல்ஸ் வந்தது. சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்து அதன்மேல் கடலும் கப்பலும் வரைந்தார்கள். கடலை அங்கே யாரும் பார்த்ததில்லை. குழாய் வந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. கூரை ஒழுகாமல் நின்றதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்கிறவன் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து படித்தவனாக இருக்க மாட்டான்.

அதற்கப்புறம் சமையலறையை மூடினார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் ஒரே பெரிய சமையற்கூடம். அங்கிருந்து பன்னிரண்டு பள்ளிக்கூடங்களுக்கு டப்பா டப்பாவாக வேனில் சாப்பாடு போனது. சமையலக்காவை வீட்டுக்கு அனுப்பவில்லை. உதவியாளர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, டப்பாவை இறக்கிக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அடுப்பு போனாலும் அவளுக்கு இருந்த பெயர் போகவில்லை.

விரல் மெஷின் வந்தது இந்தச் சாப்பாட்டுக்காகத்தான். காலை ஒன்பதரைக்குள் எத்தனை பிள்ளை விரல் வைக்கிறதோ அந்த எண் டவுனுக்குப் போகும். அத்தனை டப்பா வரும். ஒன்று கூடவும் வராது, குறையவும் வராது. வேறு எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டைக் கொட்டியதாகப் புகார் வந்ததாம். எவனோ எங்கேயோ கொட்டியதற்கு இங்கே விரல் வைக்க வேண்டியிருந்தது.

சூளைப் பிள்ளைகளின் வேலை கல் திருப்புவது. பெரியவர்கள் மண் மிதித்து, அச்சில் அடித்து, பச்சைக்கல்லைக் களத்தில் வரிசை வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போவார்கள். மேல்பக்கம் காய்ந்ததும் ஒவ்வொரு கல்லையும் பிடித்து பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே காலை நுழைக்க இடம் இருக்காது. பெரியவர்கள் இறங்கினால் கல் நசுங்கும். ஐந்து வயதுப் பிள்ளை அதன் மேலேயே நடந்து போகலாம், கல்லுக்குத் தெரியாது. அதனால் ஐந்து வயதில் களத்தில் இறக்குவார்கள். மண்ணில் மணல் கலந்திருக்கும். தினம் முந்நூறு, நானூறு கல்லைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மரம் மாதிரி வழவழப்பாகிவிடும். முதல் மாதம் ரத்தம் கசியும். அப்புறம் மரத்துப்போகும்.

மெஷினோடு வந்த ஆளுக்கு வயது முப்பது இருக்கும். அன்றைக்கே அவனுக்கு மெஷின் தம்பி என்று பெயர் விழுந்துவிட்டது. ஒன்பது பிள்ளைகளையும் சுவரோரம் நிறுத்திவிட்டு என்னென்னவோ செய்து பார்த்தான். ஈரத் துணியால் துடைத்தான், எண்ணெய் தடவினான், விரலில் வாயால் ஊதிவிட்டு வைக்கச் சொன்னான். சிவப்பு விளக்கே எரிந்தது. இரண்டு மணி ஆயிற்று. அதற்குமேல் இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும். இந்த ஒன்பது பேரின் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளக் கூடாதா என்று சமையலக்கா கேட்டாள். காகிதம் என்பதே இனி இல்லை என்றான்.

"அக்கா, எனக்கு முப்பத்தொரு பேருக்கு முப்பத்தொரு விரல் விழணும். விழலைன்னா இந்த லிஸ்ட் மூடாது. மூடலைன்னா ஒருத்தருக்கும் சாப்பாடு வராது."

வாசற்படியில் கட்டுக்கால் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. நாலு மாதத்துக்கு முன்னால் காய்ந்த கல் அடுக்கு சரிந்து அவள் காலில் விழுந்து எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டோடு களத்தில் நிற்க முடியாது என்பதால் அவள் அம்மா தினமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். நாலு மாதம் கல்லைத் தொடாத கை. தோல் உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது. அன்று காலையில் அவள் கட்டை விரலை வைத்த உடனே பச்சை எரிந்தது. ரேகை ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல் இருப்பதாக மெஷின் தம்பியே சொன்னான். கட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து களத்துக்கு வரட்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

மற்றப் பிள்ளைகளின் விரலைக் கேட்டுப் பார்த்தாயிற்று. கடைக்காரர் மகள், லாரி டிரைவர் மகன் என்று ரேகை உள்ள பிள்ளைகளும் இருந்தார்கள். இன்னொருத்தன் பெயருக்கு விரல் வைத்தால் பின்னால் வம்பு வரும் என்று அவர்கள் வீட்டில் ஒப்பவில்லை.

"இவளுக்குப் பத்து இருக்கே," என்றாள் சமையலக்கா.

மெஷின் தம்பி கட்டுக்காலைப் பார்த்தான். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"நான் தண்ணி குடிச்சிட்டு வரேன். ஏதோ விரல் விழுந்தாச் சரி," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

வாத்தியார் பக்கத்து அறையில் பலகையில் எழுதியிருந்ததை அழித்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் அழித்தார். எதைப் பார்க்கக் கூடாதோ அதைப் பார்க்காமல் இருப்பதில் அவருக்குப் பதினோரு வருஷ அனுபவம்.

வலது கட்டை விரல் கட்டுக்காலுக்கே. மிச்சம் ஒன்பதும் ஒன்பது பேருக்கு.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வந்த கட்டுக்காலின் அம்மாவிடம் சமையலக்கா நடந்ததைச் சொன்னாள். ஒன்பது வயிற்றுக்கு வழி பண்ணிவிட்டோம் என்கிற நினைப்பில் சொன்னாள். அம்மாக்காரி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"கல்லு திருப்பினா ரேகை போயிடுமில்ல?"

"பத்தே நாள்ல போயிடும்."

"அப்ப இவ திருப்பக் கூடாது," என்றாள் அம்மாக்காரி.

அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், பன்னிரண்டு வயது. ஐந்து வயதில் களத்தில் இறங்கியவள். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் பெயர் இருந்தது, வயது தாண்டியதும் போன வருஷம் நீக்கிவிட்டார்கள். தன் பெயரை எழுதத் தெரியாது. வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். சின்னவளையாவது களத்தில் இறக்க வேண்டாம் என்று அம்மாக்காரி புருஷனிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் அடிக்கிற ஆளும் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. யார் வேண்டாம் என்கிறது, கல்லை யார் திருப்புவது என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவையும் அவள் மண் மிதிக்கத் திரும்பிவிட்டாள். கால் முறிந்தபோது வாய்விட்டு அழுதவள், மாவுக்கட்டுப் போட்ட பிறகு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூளைக்கு அரை நாள் ஓய்வு. ஒன்பது பிள்ளைகளுக்கு ஏழு வீடு. ஏழு வீட்டுப் பெண்களையும் அவள் குழாயடிக்கு வரச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். சின்னவள் பங்கு ஒரு நாளைக்கு முந்நூறு கல், அதை ஒன்பதாகப் பிரித்து உங்கள் பிள்ளைகள் திருப்பட்டும், என் பிள்ளை கை பத்திரமாக இருக்கும், உங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வரும் என்றாள்.

நெட்டைச்சி என்று ஒரு பிள்ளை. அவள் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "உன் பொண்ணு என்ன, பல்லக்குல வந்தவளா?" என்று கேட்டாள்.

"பல்லக்குல வரலை. உன் பொண்ணோட இடது நடுவிரல் அவ. போய்க் கல்லுல தேய்க்கச் சொல்லட்டுமா?"

பிறகு ஒருத்தி கணக்குப் போட்டாள். தலைக்கு முப்பத்துமூன்று கல் வந்தது. மூன்று கல் மிச்சம் விழுந்தது. அந்த மூன்றைக் கட்டுக்காலின் அப்பன் திருப்பட்டும், இடுப்பு ஒன்றும் ஒடிந்துபோகாது என்று நெட்டைச்சியின் அம்மாவே சொன்னாள். சிரித்தார்கள். பேச்சு முடிந்துவிட்டது. முப்பத்துமூன்று கல் திருப்ப ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். கல் திரும்பினால் சரி, யார் கையில் திரும்பினால் என்ன என்றார். மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எண்ணுவது சூளையிலிருந்து வெளியே போகிற கல்லை. பிள்ளைகளை அவர் எண்ணுவதில்லை.

இப்படி ஒரு வருஷம் ஓடியது.

தினமும் காலை ஒன்பதே காலுக்குக் கட்டுக்கால் மெஷின் முன்னால் உட்காருவாள். சமையலக்கா ஒவ்வொரு விரலாகப் பிடித்து வைப்பாள். பச்சை எரியும்போது மேலே பெயர் வரும். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் என்பதால் பெயரைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு எழுத்துப் பிடிபட்டது. மூன்றாம் மாதத்தில் சமையலக்கா பிடித்து வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. விரல்களுக்கு அவள் வைத்திருந்த பெயர் வேறு. சுட்டுவிரல் ஓட்டைப்பல், மோதிர விரல் நெருப்புக்குச்சி. இடது சுண்டு விரல் குண்டன். அத்தனை பெரிய உடம்புக்கு இத்தனை சின்ன விரலா என்று எல்லாரும் கேட்டு அவனை அழவைத்தார்கள். கட்டை விரலைக் கொடுத்தால் இரண்டு டப்பா வரும் என்று எவனோ சொல்ல, கட்டை விரலுக்கு மாற்றிக் கொடு என்று அவன் ஒரு வாரம் அவள் பின்னாலேயே சுற்றினான்.

வீட்டில் அவள் கையை யாரும் வேலைக்கு நீட்டச் சொல்ல மாட்டார்கள். பாத்திரம் தேய்ப்பது மூத்தவள். கயிறு இழுத்துத் தண்ணீர் சேந்துவது மூத்தவள். மண்ணில் விளையாடினால் ஏழு வீட்டுப் பெண்களில் எவளாவது ஒருத்தி பார்த்துவிட்டு அதட்டுவாள். ராத்திரி படுக்குமுன் அம்மாக்காரி விரல் நுனிக்கெல்லாம் எண்ணெய் தொட்டு வைப்பாள். சின்னவளுக்கு மெல்ல மெல்லத் தலைக்கனமும் வந்துவிட்டது. துடைப்பத்தை எடு என்றால், குண்டனுக்குச் சாப்பாடு போயிடும் என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

ஒரு தடவை டப்பா மூடி கிழித்து இடது நடுவிரலில் வெட்டுக் காயம். எட்டு நாள் அந்த விரலுக்குச் சிவப்புதான் எரிந்தது. முப்பது டப்பா வந்தது. மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு கை சாப்பாடு எடுத்து நெட்டைச்சிக்கு வைத்தார்கள். ஆனால் அவள் அம்மா குழாயடிக்குச் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"எங்க வீட்டு விரலை இப்படித்தான் பார்த்துக்கிறதா?"

"உங்க வீட்டு விரலா? நகம் வெட்டுறது யாரு, எண்ணெய் தடவுறது யாரு?"

"அதுக்குத்தானே முப்பத்துமூணு கல்லு."

அந்த எட்டு நாளும் நெட்டைச்சி முப்பத்துமூன்று கல்லைத் திருப்பவில்லை. மூத்தவள் சேர்த்துத் திருப்பினாள். நியாயம் நியாயம்தான் என்று அம்மாக்காரியும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூட சின்னவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், பத்து விரலையும் வைத்துவிட்டு, அப்படியே திரும்பத் தூக்கி வந்தாள்.

முதலில் அந்த ஒன்பது பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். கல் திருப்பிவிட்டுப் பத்து, பத்தரைக்கு வருவார்கள். பெரிய கட்டடம் ஒன்றுக்குக் கல் கேட்டு ஆர்டர் வந்த மாதம் மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டார். விரல்தான் போய்விடுகிறதே, ஆள் எதற்குப் போக வேண்டும் என்று. கேட்டதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தன் நின்றான். அப்புறம் இரண்டு பேர். மழைக்கு முன்னால் ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள். மத்தியானம் மூத்தவள் ஒரு சாக்கோடு வந்து ஒன்பது டப்பாவையும் களத்துக்குத் தூக்கிப் போவாள். வாத்தியார் இரண்டு தடவை சூளைக்கு ஆள் அனுப்பிச் சத்தம் போட்டுப் பார்த்தார். பிறகு அமைப்பிலிருந்து வருகைப் படம் ஒன்று வந்தது. பன்னிரண்டு பள்ளிக்கூடங்களில் இது ஒன்றுதான் முழுக்கப் பச்சையாக இருந்தது. அவர் பெயரைப் போட்டுப் பாராட்டியிருந்தார்கள். பதினோரு வருஷத்தில் யாரும் அவரைப் பாராட்டியதில்லை. அதோடு அவர் ஆள் அனுப்புவதை விட்டுவிட்டார்.

இருபத்திரண்டு பேருக்குப் பாடம் நடத்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது. முன்வரிசையில் கட்டுக்கால். வருஷக் கடைசியில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தடுக்காமல் வாசித்தாள். வீட்டுக்கு வந்தால் கண்ணில் பட்டதை எல்லாம் வாசிப்பாள். சாக்கு, மாத்திரை அட்டை, லாரியின் பின்பக்கம். அம்மாக்காரி மண் மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். நன்றாக இருக்கிறது என்றோ போதும் என்றோ சொன்னதில்லை. வாசிப்பு நின்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த ஒன்பது பேர் நாள் முழுக்கக் களத்தில் கிடப்பதற்குத் தன் மகள் விரலும் ஒரு காரணம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதில் ஓட்டைப்பல்லும் நெட்டைச்சியும் முன்பு நன்றாகப் படித்தவர்கள். அவள் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். எல்லார் பிள்ளைக்கும் சேர்த்து அழ ஒருத்தியிடம் அத்தனை கண்ணீர் இருக்காது.

பாராட்டுக்குப் பின்னால் விருது வந்தது. அதைக் கொடுக்க நகரத்திலிருந்து நாலு பேர் கேமராவோடு வந்தார்கள். அன்றைக்கு ஒரு நாள் ஒன்பது பேரையும் குளிப்பாட்டிக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் விரல் வைப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று வந்தவர்கள் கேட்டார்கள். காலையிலேயே எல்லாப் பெயருக்கும் விரல் வைத்தாயிற்று, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மெஷின் எடுக்கும் என்று சமையலக்கா சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை. வந்தவர்களில் ஒரு பெண்மணி கட்டுக்காலின் கையைப் பிடித்துப் பார்த்து, எவ்வளவு மென்மையான கை என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். கட்டுக்கால் கையை இழுத்துக்கொண்டாள். கண்டவர்கள் பிடிக்க விடக் கூடாது என்பது அவளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடம்.

மெஷினை இவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்துகிற பள்ளிக்கூடம் வேறு இல்லை, அதனால் புது மெஷினும் முதலில் இங்கேதான் என்று அவர்கள் அறிவித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், சமையலக்காவும்தான். என்ன மெஷின் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

புது மெஷின் முகம் பார்க்கிறது. சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை, தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் நின்று பலகையைப் பார்த்தால் போதும், தொட வேண்டியதில்லை. முப்பத்தொரு பேரும் குளித்து முடித்து ஒரே இடத்தில் இருந்த நாள் என்பதால் மெஷின் தம்பி அன்று மத்தியானமே எல்லார் முகத்தையும் பதிந்துவிட்டான். முகத்தில் யாருக்கும் குறை இல்லை. ஒரு சிவப்புக்கூட எரியவில்லை. பழைய கறுப்புப் பெட்டியைக் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை இருபத்திரண்டு டப்பாதான் வந்தது. சாக்கோடு வந்த மூத்தவள் வெறும் சாக்கோடு திரும்பினாள். செவ்வாயும் அப்படியே. வியாழக்கிழமை ஒன்பது பேரும் ஒன்பதரைக்கு முன்னால் கோட்டில் நின்றார்கள். அமைப்பு நினைத்தது நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அதை இல்லை என்று சொல்ல முடியாது. களத்து வேலை மட்டும் குறையவில்லை, நேரம் மாறியது. ஆறு மணிக்கு இறங்கியவர்கள் இப்போது நாலரைக்கே இறங்கினார்கள். பத்து மணிக்கு வாத்தியார் பாடம் தொடங்கும்போது பின்வரிசையில் ஒன்பது தலையும் மேசையில் சாய்ந்திருக்கும்.

வியாழக்கிழமையே முப்பத்துமூன்று கல் நின்றுபோயிற்று. யாரும் வந்து சொல்லவில்லை, திருப்பவில்லை, அவ்வளவுதான். அம்மாக்காரி வீடு வீடாகப் போனாள். நாலு வீட்டில் பேச்சை மாற்றினார்கள். ஒரு வீட்டில், எங்கள் பிள்ளையே நாலரைக்கு எழுந்து சாகிறது என்றார்கள். நெட்டைச்சியின் அம்மா அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"விரல் உன்னுதா இருந்துச்சு, திருப்பினோம். இப்ப மூஞ்சி எங்களுது. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

கோபிக்க ஒன்றுமில்லை என்று அம்மாக்காரிக்கும் தெரியும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் மூத்தவள் தன் பங்கோடு தங்கச்சி பங்கையும் சேர்த்துத் திருப்பினாள். தோள் வீங்கியது. சின்னவள் வரட்டும் என்றார் அப்பா. எல்லாப் பிள்ளையும்தானே வருகிறது என்றார். அம்மாக்காரி பத்து நாள் கேட்டாள். பத்து நாள் கழித்து மெஷின் தம்பி வருகிற நாள் என்று சமையலக்கா சொல்லியிருந்தாள்.

மண் மிதித்துக்கொண்டிருந்தவள் வேன் சத்தம் கேட்டதும் அப்படியே கிளம்பிப் போனாள். முழங்கால் வரை சேறு. டைல்ஸ் அழுக்காகும் என்று உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றாள். அவன் வெளியே வந்ததும் ஒன்பது விரல், முப்பத்துமூன்று கல், சாக்கு, டப்பா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அம்மா, சத்தமா சொல்லாதீங்க," என்றான். "இப்ப எல்லாம் நேராயிடுச்சு. இப்பப் போய் எதுக்கு இதைக் கிளர்றீங்க?"

"கிளறலை சார். எம்பொண்ணு களத்துல இறங்கக் கூடாது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரேகை வேணும்னு சொல்லுங்க. எதுக்காவது. ஏதோ ஒண்ணுக்கு."

"ரேகையெல்லாம் பழசும்மா. இனிமே எங்கயும் அது வராது."

"அப்ப கல்லு திருப்பக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடச் சொல்லுங்க."

"சட்டம் இருக்கும்மா."

"எங்க இருக்கு?"

அவன் கெட்டவன் இல்லை. கையில் இருந்த டேப்லெட்டில் எதையோ தட்டி எழுதிக்கொண்டான். நகரத்தில் பேசுகிறேன் என்றான். பேசவும் பேசினான். அடுத்த மாதம் சாப்பாட்டு வேனில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கைப் பாதுகாப்பு என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே முப்பத்தொரு ஜோடி ரப்பர் கையுறை. எல்லாம் பெரியவர்கள் அளவு. குண்டன் ஒன்றை மாட்டிப் பார்த்தான், முழங்கை வரை போயிற்று. ஒரு வாரத்துக்குள் சூளையில் நெருப்புத் தள்ளுகிற ஆட்கள் கையில் எல்லாக் கையுறையும் இருந்தன.

அந்த அட்டைப்பெட்டிக்காக அம்மாக்காரி காத்திருக்கவில்லை. மெஷின் தம்பியிடம் பேசிவிட்டு வந்த மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் இறங்கினாள். அமைப்புக்காரர்கள் பழைய கொட்டகையை இடித்தபோது வேண்டாம் என்று தள்ளிய சாமான்கள் அங்கே கிடந்தன. அதில் ஒரு கதவுப் பலகையை இழுத்து வந்தாள். களத்தின் இந்த ஓரத்தில் இரண்டு சுட்ட கல், ஐந்தாறு வரிசை தாண்டி இடுக்கில் செங்குத்தாக இரண்டு சுட்ட கல். அவற்றின் மேல் பலகையைப் போட்டு, பலகை மேல் குப்புறப் படுத்தாள். இரண்டு பக்கமும் கை எட்டுகிற வரை கல்லைத் திருப்பினாள். பிறகு இறங்கி, பலகையை நகர்த்தி, திரும்பவும் படுத்தாள். ஒரு கல்கூட நசுங்கவில்லை. நேரம்தான் பிள்ளைகள் திருப்புவதைப் போல் மூன்று மடங்கு ஆயிற்று.

மேஸ்திரி வந்து நின்று பார்த்தார். "என்னம்மா, களத்துல நீச்சலா?"

"கல்லு உடைஞ்சிருக்கா பாருங்க. உடைஞ்சிருந்தா பேசுங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். உடையவில்லை. போய்விட்டார்.

மூன்று நாள் முந்நூறு கல்லையும் அவளே திருப்பினாள். மூன்று நாளும் அச்சு வேலையில் இருநூறு கல் குறைந்தது. மூன்றாம் நாள் புருஷன் அச்சைத் தூக்கி எறிந்தார். அடிக்க வரவில்லை. கீழே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். இப்படியே போனால் வாங்கிய முன்பணத்துக்குச் சொன்ன கல்லை மழைக்கு முன்னால் அடித்து முடிக்க முடியாது, நாலு பேரும் அடுத்த வருஷமும் இதே களத்தில்தான் கிடக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் பாதிப் பாதி என்று ஆயிற்று. நூற்றைம்பது சின்னவள், நூற்றைம்பது பலகை.

முதல் மாதம் சின்னவள் விரலில் ரத்தம் கசிந்தது. பென்சிலை இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதினாள். எழுத்து கோணலாகப் போயிற்று. வாத்தியார் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் விரல் மரத்துப்போய் எழுத்து நேரானது. ரேகை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகம் முடிந்து நாலாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தார்கள்.

காலையில் களத்தின் ஒரு கோடியிலிருந்து அவள் தொடங்குவாள். எதிர்க் கோடியிலிருந்து அம்மாக்காரி பலகையோடு வருவாள். சின்னவள் சத்தமாக எண்ணிக்கொண்டே திருப்புவாள். நூற்றைம்பது வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பாள். சில நாள் நூற்று முப்பத்தெட்டுக்கு அடுத்தது நூற்று நாற்பத்தொன்பதாக இருக்கும். அம்மாக்காரிக்குப் படிப்பு இல்லையே தவிர, கல் எண்ணத் தெரியாதா?

"முடிஞ்சுதா? போய் மூஞ்சி கழுவு," என்பாள்.

மிச்சம் கிடக்கிற பத்துக் கல்லையும் பலகையில் படுத்தபடியே திருப்பிவிடுவாள்.